தலைவர் எழுத்து

“எழுத்து என்னுதுதான். ஆனா நான் எழுதல” என்று சொல்லிக்கொண்டே குப்புசாமி மாடிப்படி ஏறி வந்தார். செருப்பைக் கழற்றக்கூட மறந்திருந்தார்.

சங்கரி கணினியிலிருந்து திரும்பினாள். கணினியில் தட்டச்சுக்கான எழுத்துருக்களை, அதாவது ஃபாண்டுகளை, வரைந்து விற்பது அவள் தொழில். முதலாளி, மேலாளர் என்று யாரும் கிடையாது. பிள்ளையார்பாளையத்தில் வீட்டு மாடியில் ஒரு மேசை, ஒரு கணினி, கீழே சித்தப்பாவின் தறிச் சத்தம். அவ்வளவுதான் நிறுவனம்.

குப்புசாமி நெசவாளர் சங்கத் தலைவர். பதினெட்டு வருடமாக அவரேதான். வட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, அவரிடமிருந்து கைப்பட எழுதிய வாழ்த்து மடல் வந்துவிடும். அந்த எழுத்தின் அழகுக்காகவே அதைச் சட்டம் போட்டு மாட்டிய வீடுகள் உண்டு. போன தை மாதம், இத்தனை பேருக்கு எழுதி மாளவில்லை, என் எழுத்தையே ஃபாண்டாகப் பண்ணிக் கொடு என்று சங்கரியிடம் வந்தார். அவள் கட்டம் போட்ட தாள்களைக் கொடுத்து, ஒவ்வோர் எழுத்தையும் மூன்று முறை எழுதிக் கொண்டுவரச் சொன்னாள். ஒரே வாரத்தில் உறையில் போட்டுக் கொண்டுவந்தார்.

எழுத்துருவுக்குப் பெயரும் ‘குப்புசாமி’தான். வெளியீட்டு விழாவில் கணினிக்கு மாலை போட்டுக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். எழுத்து என்பது ஒரு தவம் என்று தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். அந்தத் தவத்தைக் கலைக்கக் கடைசியில் மின்சாரம்தான் தடைபட வேண்டியிருந்தது.

இப்போது அதே எழுத்தில் அவருடைய ராஜினாமாக் கடிதம் சங்கச் செயலாளர் உதயகுமாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் அதைப் படம் பிடித்து உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். பதினொரு மணிக்குக் கூட்டம் கூடி ராஜினாமாவை ஏற்கப் போகிறது. மணி பத்து இருபது.

சங்கரி செல்போனை வாங்கிப் படித்தாள். ‘பதினெட்டு ஆண்டுகளாகத் தறிப் பக்கமே போகாத நான், இனியாவது என் வீட்டுத் தறியில் உட்கார்ந்து நெய்ய ஆசைப்படுவதால் பதவி விலகுகிறேன்’ என்று தொடங்கி ஒரு பக்கம் போனது. கீழே, வாழ்த்து மடல்களில் எல்லோரும் பார்த்த, எழுத்துருவிலும் சேர்த்திருந்த அந்தச் சுழித்த கையொப்பம்.

“எனக்குத் தறியில உக்கார ஆசையாம். எவனாவது நம்புவானாமா?”

“யாரும் நம்பலையா?”

“கை தட்டிக்கினு இருக்கானுங்க.”

உண்மைதான். கடிதத்துக்குக் கீழே திரை முழுக்க மஞ்சள் கைகள்.

குப்புசாமியால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். எழுத்துரு தன் கணினியில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று பேசியிருந்ததை நினைவுபடுத்தினார். உதயகுமாருக்கு அது எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். அவனுக்குத் தலைவர் நாற்காலி மேல் ரொம்ப நாளாகக் கண் என்றார்.

“நீ குடுத்தியோ, தானா போச்சோ, அதப்பத்தி இப்ப கேக்கல. கூட்டத்துல வந்து, இது மெஷின் எழுத்துன்னு ஒரு வார்த்த சொல்லு. சொல்லலன்னா இந்த ஊர்ல ஒரு பட்டுக்கடைக்காரனும் உன்கிட்ட ஃபாண்ட் வாங்க மாட்டான்.”

சங்கரி யாருக்கும் கொடுக்கவில்லைதான். ஆனாலும் கோப்புக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரம் ஆகும்? கடிதத்தின் படத்தைக் கணினிக்கு அனுப்பித் திரையில் பெரிதாக்கினாள்.

ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று வடிவங்கள்தான் வைத்திருப்பதாகவும், பார்ப்பதற்குக் கையால் எழுதியது போலிருக்க அவை மாறி மாறி வரும் என்றும், நாலாவதாக ஒரு வடிவம் தென்பட்டால் அது எழுத்துருவே அல்ல என்றும் அவருக்கு விளக்கினாள். பிறகு கடிதத்திலிருந்த ‘க’க்களை ஒவ்வொன்றாக வெட்டி வரிசையாக அடுக்கத் தொடங்கினாள். குப்புசாமி கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு அவளிடம் மூன்று தரம் மணி கேட்டார்.

இருபத்திரண்டு ‘க’ இருந்தன. இருபத்திரண்டும் வெவ்வேறு.

அவள் அலமாரியிலிருந்து அந்தக் கட்டம் போட்ட தாள்களை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே சுழி. அதே இழுப்பு.

“தலைவரே, இது ஃபாண்ட் இல்ல. பேனாவால எழுதினது.”

“அப்ப எவனோ என்னை மாதிரியே எழுதியிருக்கான்.”

“பார்த்து எழுதினா தயங்கித் தயங்கி வரும். இது ஒரே ஓட்டம். இந்தத் தாளை எழுதின கைதான் கடிதத்தையும் எழுதியிருக்குது.”

சங்கரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏதோ வேகத்தில் எழுதிப் போட்டுவிட்டு, இப்போது பதவி போகிறதே என்று பழியை அவள் தொழில் மேல் போட வந்திருக்கிறார். பயம் போய்க் கோபம் வந்தது. தாள்களை உறையில் போட்டுக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தாள்.

“வாங்க போலாம். கூட்டத்துல எல்லார் முன்னாடியும் இதை வச்சுக் காட்டறேன். என் ஃபாண்ட் வெளிய போகலன்னு ஊருக்குத் தெரியட்டும்.”

வந்ததிலிருந்து உட்காராத குப்புசாமி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். உடனே எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மைக் இல்லாமலே தெருமுனை வரை கேட்கும் குரல், காதருகே வந்தால்தான் கேட்கும் என்று ஆகிவிட்டது.

“நீ வராத கண்ணு. நானே போயி, நான்தான் எழுதினேன், பதவி வாணாம்னு சொல்லிடறேன். அந்தத் தாளையும், இத்தினி வருஷமா வாழ்த்து மடலையும் எழுதினது எங்க ஊட்டுக்காரின்னு மட்டும் வெளிய சொல்லிடாத.”