சங்கிலி தெரியாத படம்

சங்கிலி படத்தில் விழக்கூடாது என்று சொல்லிவிட்டார் துரை.

ஆகவே அர்ச்சுனன் லாலான் புல்லை அறுத்துப் போட்டு அதை மூடினான். ஒரு முனை புலியின் பின்னங்காலில். மறுமுனை ஓர் அடிமரக் கட்டையைச் சுற்றிக்கொண்டு வந்து, வெட்டிச் சாய்த்த மரத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்த அவன் கையில்.

பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், மர நிரை முடிந்து காடு தொடங்குகிற இடம். சிங்கப்பூரிலிருந்து வந்த வெள்ளைக்காரப் படக்காரர் ஒற்றையடிப் பாதைக்கு எதிரே மூன்றுகால் கேமராவை நிறுத்தியிருந்தார். பத்திரிகைக்குக் காட்டுப் புலி வேண்டுமாம். தற்செயலாகக் கண்ணில் பட்ட காட்டுப் புலி.

இந்தப் புலியும் காட்டில் பிறந்ததுதான். போன மழைக்காலத்தில் குழியில் விழுந்தது. அன்றிலிருந்து ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கூண்டில் கிடந்தது. விருந்துக்கு வரும் துரைசானிகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமே, அதற்காக அதன் கோரைப்பற்களைக் குறட்டால் உடைத்திருந்தார்கள்.

தீனி போடுவது அர்ச்சுனன் வேலை. அவன் கூண்டே கதி என்று கிடப்பதைப் பார்த்து, அவன் மனைவி சந்திரமதி அந்தப் புலிக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தாள். நேரில் பார்த்ததில்லை. கூலிகள் குடியிருந்த லயமே கேட்க ஏசுவதோடு சரி.

முகத்தில் கோபம் வரட்டும் என்று இரண்டு நாளாகத் தீனியை நிறுத்தியிருந்தார்கள். கோபம் வரவில்லை. நாய் மாதிரி முன்னங்கால்மேல் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது. கல்லெறிந்தார்கள். வெடி போட்டார்கள். காதை மட்டும் அசைத்தது.

அப்போதுதான் படக்காரருக்கு அந்த யோசனை வந்தது. ரப்பர் பால் சேர்த்துக்கொண்டு ஒருத்தி இந்தப் பாதையில் வரட்டும். அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். சொல்லிவிட்டால் பயம் நடிப்பாகிவிடும்.

துரை சிரித்தார். துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அர்ச்சுனன் சங்கிலியை இரண்டு கையாலும் இறுக்கியதைக் கணக்கெழுதும் கிராணி சிற்றம்பலம் பார்த்துவிட்டார்.

“என்னடா இப்பிடிப் பிடிக்கிறாய்? பல்லில்லாத சீவனுக்கே இவ்வளவு பயம்?”

பல்லைத்தான் உடைத்தார்கள். நகம் அப்படியே இருந்தது. அதைக் கிராணியிடம் யார் சொல்வது? அர்ச்சுனன் தனக்குள் வேறொன்றைச் சொல்லிக்கொண்டான். இது அய்யாவு பெண்டாட்டி பால் வெட்டும் நிரை. வரப்போவது அவள்தான்.

யாரோ ஒருத்தி என்றால் எவனுக்கும் மனசு ஒத்துக்கொள்கிறது.

டொக். டொக். டொக்.

காட்டோர நிரையில் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் போவார்கள், கத்திப் பிடியால் பால் வாளியைத் தட்டிக்கொண்டு. சத்தம் கேட்டால் புலி விலகிப் போகும். தோட்டத்தில் நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

காட்டுப் புலி விலகிப் போகும்.

கூண்டுப் புலிக்கு அர்ச்சுனன் தினமும் ஆட்டுக்குடல் கொண்டுபோனது ஒரு பழைய பால் வாளியில். வெளியே நின்று வாளியைத் தட்டுவான். அது எழுந்து வரும்.

புலியின் தலை நிமிர்ந்தது.

பாதை வளைவில் வந்தது அய்யாவு பெண்டாட்டி இல்லை. அவளுக்குக் காய்ச்சல். விடிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது அந்த நிரையைச் சந்திரமதிக்கு மாற்றிவிட்டார்கள். கூண்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு இருட்டோடு கிளம்பியவனுக்கு அது எப்படித் தெரியும்?

தட்டாதே என்றுதான் கத்தியிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

“புலி! ஏ புள்ள, புலி!”

புலி என்று கேட்டால் தோட்டத்துப் பெண் என்ன செய்வாள்?

சந்திரமதி இன்னும் பலமாகத் தட்டினாள்.

சங்கிலி அவன் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது.

அவள் காலடியில் வாளி நழுவி, கவிழாமல் நின்றது. புலி அவளைத் தொடவில்லை. வாளிக்குள் முகத்தை நுழைத்தது. குடல் இல்லை, ரப்பர் பால். தும்மியது. தலையைத் தூக்கியபோது மூக்கிலும் மீசையிலும் வாயிலும் வெள்ளையாக வழிந்தது. அப்படியே நின்று அவளை அண்ணாந்து பார்த்தது. மறுபடி தட்டுவாளா என்று.

சந்திரமதி குரல் வந்த மரத்தின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

கேமரா ‘கிளிக்’ என்றது.

துரை இரண்டு முறை சுட்டார். இரண்டாவது குண்டில் புலி விழுந்தது.

பிணத்தைக் குளிப்பாட்டிய பெண்கள் சந்திரமதி உடம்பில் நகக்கீறல் ஒன்றுகூடக் காணவில்லை. விலாவில் ஒரு துளை இருந்தது. அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று கிராணி லயத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

படம் நன்றாக வந்திருந்தது. பத்திரிகையிலும் போட்டார்கள். கிராணி அதைக் கத்தரித்து ஆபீஸ் சுவரில் ஒட்டி, கீழே இருந்த இங்கிலீஷைப் பெரட்டுக்கு வந்தவர்களுக்குத் தமிழில் சொன்னார். வெறிபிடித்த காட்டுப் புலி, வாயில் நுரை தள்ள, கூலிக்காரி ஒருத்தியைக் கொல்வதற்கு முந்தின நொடி.

சங்கிலி தெரியவில்லை. துப்பாக்கியும் தெரியவில்லை.

“வாயைப் பாருங்கோ,” என்றார் கிராணி. “பயத்தில எப்பிடிக் கத்திக் குழறுறாள், பாவம்.”

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

கையில் கட்டுடன் அர்ச்சுனன் கடைசியில் நின்றான். அவள் குழறவில்லை. சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னதும் அவனிடம்தான்.

“இவதானா என் சக்களத்தி? கஞ்சிகூட ஊத்தலியா இவளுக்கு?”