மோசமான பேட்டரி வேண்டும்

"இதுல இருக்கற நல்ல பேட்டரியக் கழட்டிட்டு, ஒரு மோசமான பேட்டரி போட்டுத் தர முடியுமா?"

வாத்தியார் காதைத் தேய்த்துக்கொண்டார். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. செல்போன் ரிப்பேர் கடைக்காரர். வருகிற ஆளையெல்லாம் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதால் தெருவில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"மாத்திச் சொல்றீங்கம்மா. மோசமானதக் கழட்டிட்டு நல்லது போடணும். அதானே?"

"இல்ல சார், சரியாத்தான் சொல்றேன்." கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அந்தப் பெண், அணைத்துவைத்த போனை மேஜைமேல் வைத்தாள். "காலையில முழுசா சார்ஜ் ஏத்தினா சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் வரணும். அதுக்கு மேல வரக் கூடாது."

"போன் யாருதும்மா?"

"எங்க வீட்டுதுதான். எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

பதினைந்து வருடத் தொழிலில், நன்றாக இருப்பதைக் கெடுத்துத் தரச் சொல்லி யாரும் வந்ததில்லை. திருட்டுப் போனாக இருக்குமோ? முகத்தைப் பார்த்தால் அப்படியும் தெரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே, குப்பைக்குப் போக வேண்டிய பேட்டரி ஒன்றைத் தேடிப் பொருத்தினார். கைப்பழக்கத்தில் அதன் மூலையில் பச்சை மையால் ஒரு புள்ளியும் வைத்தார். அவர் போடுகிற பேட்டரி எதுவும் அந்தப் புள்ளி இல்லாமல் கடையை விட்டுப் போகாது. நாளைக்கு யாராவது சண்டைக்கு வந்தால் சாட்சி வேண்டுமே.

"ஆன் பண்ணிப் பாக்கட்டுமா?"

"வேணாம் சார், வீட்ல பாத்துக்கறேன்" என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனாள். அது திங்கட்கிழமை.

அன்று மாலையே வாத்தியாருக்கு வேறொரு குழப்பம் வந்து சேர்ந்தது. அவருக்கு ஆறு மணிக்கே வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒன்பது வரை கடையிலேயே உட்கார்ந்து, புதுப் போன்களைப் பிரித்து வைத்துக்கொண்டு யார் யாரோ குறை சொல்லும் வீடியோக்களைப் பார்ப்பார். "இவனுக்கு என்ன தெரியும்?" என்று பதிலுக்கு அவர்களைக் குறை சொல்வார். அன்றைக்கு ஆறே முக்காலுக்கெல்லாம் திரை இருண்டுவிட்டது. செவ்வாயும் அப்படியே. புதனும் வியாழனும்கூட.

சார்ஜரைச் செருகிக்கொண்டு பார்க்கலாம்தான். ஆனால் தலைக்கு மேலேயே, 'சார்ஜ் போட்டுக்கொண்டே போன் பார்க்காதீர்கள்' என்று அவரே எழுதி மாட்டிய பலகை தொங்குகிறது. அதற்குக் கீழே உட்கார்ந்து அவரே அதைச் செய்தால் தெரு சிரிக்காதா? வேறு வழியில்லாமல் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனார். பேட்டரிக்குப் பேர்போன ஆளின் போனே படுத்துவிட்டது என்று வெளியே தெரிந்தால், அப்புறம் கடைப் பக்கம் யார் எட்டிப் பார்ப்பார்கள்?

வெள்ளிக்கிழமையும் திரை இருண்டபோது பொறுமை போயிற்று. தன் போனைத் தானே பிரித்தார். உள்ளே பச்சைப் புள்ளியைக் காணோம். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி இருந்தது.

அது எதிர்க்கடைக்காரரின் அடையாளம்! எதிர்க்கடையும் செல்போன் ரிப்பேர் கடைதான்; அங்கேயும் அதே சார்ஜ் பலகை உண்டு. யாரைப் பார்த்து யார் எழுதினார்கள் என்ற தகராறில் இருவருக்கும் எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இவர் கடைக்கு ஞாயிறு விடுமுறை என்றால் அவர் வேண்டுமென்றே திங்கட்கிழமை விடுவார். சட்டைப் பையை விட்டு இறங்காத போனுக்குள் அந்த ஆள் கை எப்படிப் போனது? யோசிக்க யோசிக்க மண்டை சுற்றியது. விறுவிறுவென்று தெருவைத் தாண்டினார்.

"ஏன்யா, என் பேரைக் கெடுக்கறதுக்கு என் போன்லயே கைய வச்சிட்டியா?"

எதிர்க்கடைக்காரர் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கைவேலைதான். ஆனா இது ஞாயித்துக்கிழமை ஒரு அம்மா கொண்டுவந்ததாச்சே? மஞ்சக் குடை பிடிச்சிட்டு வந்தாங்க."

மஞ்சள் குடை வாத்தியார் வீட்டு வாசலில்தான் தொங்கும். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அடித்துப்போட்ட மாதிரி தூங்கியதும் நினைவுக்கு வந்தது.

"நல்லத எடுத்துட்டு மோசமானதப் போடுங்கன்னாங்க. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. என்னம்மா காரணம்னேன். 'போன் அணைஞ்சாத்தாங்க எம் பொண்ணு முழிச்சிருக்கும்போது அவங்கப்பா வீட்டுக்கு வருவாரு'ன்னாங்க. எவன்டா அந்த ஆளுன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே, இருக்கறதுலயே மட்டமானதாத் தேடிப் போட்டேன். நீங்கதானா அது?"

வாத்தியார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான்கு நாளாகக் கதவைத் திறந்ததும் மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். எப்போதும் தூங்கிக்கிடக்கும் குழந்தை இப்போது விழித்திருக்கிறதே என்றுதான் அவர் குழம்பியிருந்தார். இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

எதிர்க்கடைக்காரருக்கு ஒரே குஷி. "போன்னா ஒரு அளவு வேணும் சார். எங்க வீட்ல இந்தப் பேச்சுக்கே இடமில்ல. வீடியோவெல்லாம் பாத்து முடிச்சிட்டு நான் எத்தனை மணிக்குப் போனாலும் சரி, பையன் சமத்தாத் தூங்கிட்டிருப்பான். வளர்ப்பு அப்படி!"

சரியாக ஏழு மணிக்கு, மேஜைமேல் ஏதோ வீடியோ ஓடிக்கொண்டிருந்த அவருடைய போன் பட்டென்று அணைந்தது.

"அட, இந்த வாரம் பூரா இதே ரோதனை. சீக்கிரம் வீட்டுக்குப் போனா பையனும் முழிச்சிட்டிருக்கான். என்னன்னே புரியல. நாளைக்குப் பிரிச்சுப் பாக்கணும்."

வாத்தியார் அந்தப் போனை எடுத்தார். பின்மூடியைக் கழற்றினார். பேட்டரியின் மூலையில் பச்சைப் புள்ளி.

"அண்ணே," என்றார் வாத்தியார், எட்டு மாதத்தில் முதல் முறையாக. "நம்ம அண்ணி, கண்ணாடியக் கயிறு கட்டிக் கழுத்துல தொங்கவிட்டிருப்பாங்களா?"