கத்தாத பெல்ட்

"யாரு கை வச்சது?" என்று கேட்டான் மெக்கானிக்.

அவன் மனைவி காரை விட்டு இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஒரு கால் தரையில் இருந்தது, ஒரு கால் உள்ளே இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தவன், வாசற்கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஓடிவந்து, அவளைத் தாண்டிக் கையை விட்டு பானட் லீவரை இழுத்தான்.

விஷயம் இதுதான். அந்தப் பழைய சின்னக் கார் தெரு வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்ததுமே வீல் என்று கத்தும். ஸ்டீயரிங் பம்ப்பைச் சுற்றுகிற பெல்ட் தளர்ந்துபோய் வழுக்குகிற சத்தம். எதிர்வீட்டுத் தையல்காரர் மதியத் தூக்கத்திலிருந்து எழுவதே அதைக் கேட்டுத்தான். இன்று அது கத்தவில்லை. வந்தது தெரியாமல் வந்து வாசலில் நின்றுவிட்டது.

மெக்கானிக் பெண்டாட்டியின் வண்டியே இந்தக் கத்துக் கத்துகிறதே என்று தெரு முழுக்கச் சிரித்தாயிற்று. அவளும் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள். பழைய வண்டி, பெல்ட்டை இறுக்கினால் பம்ப் பேரிங் போய்விடும் என்று ஒரே பதிலைச் சொல்லி அவன் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தான். ஊரார் வண்டிக்கெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறவனுக்குச் சொந்த வீட்டு வண்டி இளப்பமாகிவிட்டது என்றுதான் அவள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். அரை அங்குலம் அமுங்கியது, அதற்கு மேல் அசையவில்லை. பெல்ட் அதே பழைய பெல்ட்தான். போல்ட் தலையில் மட்டும் ஸ்பேனர் உராய்ந்த புதுப் பளபளப்பு. குறை சொல்ல ஒன்றுமே கிடைக்காதது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சுருட்டைகிட்ட போனியா?"

சுருட்டை என்பது அடுத்த தெரு மெக்கானிக். தலைமுடியால் வந்த பெயர். பெண்கள் வண்டி என்றால் கண்ணாடியெல்லாம் துடைத்து, கதவையும் திறந்துவிட்டு அனுப்பிவைப்பான்.

அவள் போகவில்லை என்றாள். அப்படியானால் மருந்துக்கடையில் உன்னோடு வேலை பார்க்கிறானே மீசைக்காரன், அவனா என்றான். அதற்கும் இல்லை என்றாள். தன் வீட்டு வண்டிக்குள் எவனோ ஒருத்தன் குனிந்து கை வைத்திருக்கிறான், இவள் பக்கத்தில் நின்று சிரித்துப் பேசியிருப்பாள். நினைக்க நினைக்க அவனுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில், எதற்காக அவ்வளவு அவசரமாக வெளியே ஓடிவந்தோம் என்பதுகூட மறந்துபோயிற்று.

தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். கட்டினவளை நடுத்தெருவில் நிறுத்தி இப்படியா குடைவான் சந்தேகப் பிராணி என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. அந்தப் பெண்ணைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"தாகமா இருக்கு. தண்ணி குடிச்சிட்டு வந்து சொல்றேன்" என்று அவள் வீட்டுப் பக்கம் நகர்ந்தாள்.

அவன் சட்டென்று குறுக்கே வந்து நின்றான்.

"சொல்லிட்டுப் போ. இது வேலை தெரிஞ்ச கை. போல்ட்டைத் தளர்த்தி, பம்ப்பைக் கம்பியால நெம்பி, அப்படியே பிடிச்சுக்கிட்டு முறுக்கியிருக்கான். நான் செஞ்ச மாதிரியே இருக்கு. யாரு அவன்?"

கல்யாணமான புதிதில் அவன் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்தவள் அவள்தான். எந்த போல்ட் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவனே வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பான். இப்போதெல்லாம் அவளைக் கூப்பிடுவதில்லை.

அவள் கைப்பையைத் திறந்தாள். அவன் கடை முழுக்கத் தேடிக்கொண்டிருந்த பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவளுடைய நகக்கண்ணில் கறுப்பு மசி இன்னும் போகாமல் இருந்தது.

அவன் ஸ்பேனரைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாகச் சாத்தியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த எரிச்சலுக்கு முன்னால் அவனுடையது ஒன்றுமே இல்லை.

"நான்தான் இறுக்கினேன், நான் வர்றது உள்ள இருக்கறவளுக்குக் கேட்கக்கூடாதுன்னு."