நூற்று முப்பது வரை

மார்ச் 14, வியாழக்கிழமை. வானம் மூடியிருந்தது, மழை பெய்யவில்லை.

சைக்கிள் கடையின் உள்ளறையில், நகராதவாறு இரும்புச் சட்டத்தில் பூட்டப்பட்ட சைக்கிள் ஒன்றின்மீது ஐம்பத்து நான்கு வயதுடைய தாய் அமர்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள்.

அருகில் மகள் நின்றாள். அவள் ஒரு மருந்தகத்தில் மருந்தாளுநர்.

கைப்பிடியின் நடுவே, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய சைக்கிள் கம்ப்யூட்டர் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. மார்பில் கட்டிய பட்டை அனுப்பும் இதயத் துடிப்பை அது எண்ணாகக் காட்டும்.

எண் அப்போது 94.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது செய்து முடிக்க வேண்டிய டிரையத்லான் போட்டியில், சென்ற ஆண்டு, சைக்கிளில் செல்கையில் தாய் மயங்கி விழுந்தாள். தடுப்பு வேலிக்கு இப்பால் நின்று மகள் அதைக் கண்டாள்.

ஓராண்டுக்குப் பின் இதய மருத்துவர் அனுமதி அளித்தார். ஆயினும் ஒரு நிபந்தனை விதித்தார். பயிற்சியிலும் சரி, போட்டியிலும் சரி, துடிப்பு நிமிடத்துக்கு நூற்று முப்பதைத் தாண்டலாகாது. கைக்கடிகாரம் காட்டுவதை நம்ப வேண்டாம், மார்புப் பட்டையே வேண்டும் என்றும் கூறினார்.

போட்டிக்குப் பெயர் கொடுக்க அன்றே கடைசி நாள். இணையப் படிவம் மாலை ஆறு மணிக்கு மூடப்படும்.

ஆதலால், கடைக்கு வரும் வழியிலேயே இருவரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். தாய் இருபது நிமிடம் மிதிக்க வேண்டும். எண் நூற்று முப்பதைத் தாண்டாவிட்டால், மகள் தன் கையாலேயே படிவத்தை நிரப்பி அனுப்புவாள். தாண்டினால், தாய் வீட்டில் இருக்க வேண்டும். பிறகு அதைப் பற்றிப் பேச்செடுக்கலாகாது.

கடைக்காரப் பெண்மணி இருவகைப் பட்டைகளைக் காட்டியிருந்தாள். ஒன்று ரப்பர், மற்றொன்று துணி. தாய் துணியைக் கட்டிக்கொண்டாள்.

கம்ப்யூட்டரைத் தேர்வது அவ்வளவு எளிதாக இல்லை.

"என்ன இது, எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து? கண்ணாடி போட்டுக்கிட்டா சைக்கிள் ஓட்டுவாங்க?" என்றாள் தாய்.

"நீங்க ரோட்டைப் பாருங்கக்கா. உங்களை அது பார்த்துக்கும்" என்றாள் கடைக்காரப் பெண்மணி.

எட்டாவது நிமிடத்தில் எண் 107. மகள் ஓரடி முன்னே வந்தாள்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் 116. மகள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"மெதுவா மிதிம்மா."

"இதைவிட மெதுவா மிதிச்சா தூங்கிடுவேன்டி."

தாயின் பேச்சில் மூச்சுத் திணறல் இல்லை. மகள் அதைக் கவனிக்கவில்லை. எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். 121. 125. தார்ச்சாலையில் தலைக்கவசம் மோதிய ஓசை, ஓராண்டு கழித்தும் அவள் காதில் அப்படியே இருந்தது. 128.

பத்தொன்பதாவது நிமிடம் முடியும் வேளையில் எண் 131 ஆனது.

"போதும்மா. இறங்கு."

தாய் எண்ணைப் பார்த்தாள். வாதாடவில்லை. சொன்ன சொல் மாறுவது அவள் வழக்கமன்று. இறங்கி, முக்காலியில் அமர்ந்து, காலணியின் நாடாவை அவிழ்த்தாள்.

"சரி. அந்தப் படிவத்தை மூடிடு" என்றாள்.

மகள் கைப்பேசியை எடுத்தாள். ஆனால் அவள் கண்கள் கம்ப்யூட்டரை விட்டு அகலவில்லை.

சக்கரம் நின்றுவிட்டது. எண் நிற்கவில்லை.

134. 137.

மகள் கைப்பேசியைக் கீழே வைத்தாள். மண்டியிட்டுத் தாயின் மணிக்கட்டைப் பற்றினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவாறே நாடியை எண்ணினாள். கால் நிமிடத்தில் இருபத்து நான்கு. அப்படியானால் நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு. நாடி சீராக இருந்தது.

திரையில் 141.

கடைக்காரப் பெண்மணி கம்ப்யூட்டரைக் கழற்றி, அது இணைந்திருந்த பட்டையின் அடையாள எண்ணை, மேசைமேல் இருந்த இரு பட்டைப் பெட்டிகளின் எண்களோடும் ஒப்பிட்டாள். பிறகு ஒரு பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"ரப்பர் பெல்ட் டப்பா காலியா இருக்கே. பெல்ட் எங்கம்மா?"

மகளின் கை மெல்ல உயர்ந்து, தன் சட்டையின்மேல், மார்புக்குக் கீழே, நின்றது.

"அம்மாவுக்கு உறுத்துமோன்னு முதல்ல நான் போட்டுப் பார்த்தேன்" என்றாள். "செருப்பு கடிச்சாக்கூட இவங்க வாயைத் திறக்க மாட்டாங்க."

உடலில் பட்டு முதலில் விழித்துக்கொண்ட பட்டையைத்தான் கம்ப்யூட்டர் பற்றிக்கொள்ளும் என்று கடைக்காரப் பெண்மணி விளக்கினாள். துணிப் பட்டை தன் நினைவில் சேமித்து வைத்திருந்ததைத் திரைக்குக் கொண்டுவந்தாள். தாயின் உச்சத் துடிப்பு நூற்றுப் பதினெட்டு.

தாய் நாடாவை மீண்டும் முடிந்துகொண்டாள். மீதமிருந்த ஒரு நிமிடத்தை மிதித்து முடிக்க எழுந்தாள்.

"நூத்தி முப்பது தாண்டினவ வீட்ல இருக்கணும்னுதானேடி பேச்சு?" என்றாள், மிதித்துக்கொண்டே. "போட்டியன்னிக்கு நீ வீட்ல இரு."

மகள் படிவத்தை நிரப்பினாள். தாயின் பிறந்த ஆண்டை இருமுறை திருத்த நேர்ந்தது.

அனுப்பியபோது மணி மாலை 5.58.