முனியாண்டி வேலிக்குள் அடுக்குப் பூ

“செருப்போட உள்ள வராதீங்க சார்! முனியாண்டி எடம்!”

லயத்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் மோகனா போட்ட சத்தத்தில் டாக்டர் குகனேஸ்வரன் அவசரமாக பூட்ஸை உதறினார். செடிகொடி ஆராய்ச்சியில் பெரிய புள்ளியாம். கழுத்தில் பூதக்கண்ணாடி, தலையில் வெள்ளைக்காரத் தொப்பி, இடுப்பைச் சுற்றி ஏழெட்டுப் பை. கேமரன் மலைக்கு வந்தவர் மாதிரி இல்லை, இமயமலைக்குக் கிளம்பி வழி தப்பியவர் மாதிரி இருந்தார்.

அவரை அழைத்து வந்த எஸ்டேட் மேனேஜர் யோகேந்திரன் வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். கோலாலம்பூரில் எம்.பி.ஏ. படித்தவர். சாமியாவது பூதமாவது என்று மீட்டிங்கில் பேசுகிறவர். ஆனாலும் சூலத்துக்குப் பக்கத்தில் கையை நீட்ட இன்னும் துணிச்சல் வரவில்லை, பாவம்.

விஷயம் இதுதான். கோயிலை ஒட்டி, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எட்டு வீட்டு லயத்தை இடித்துவிட்டு, தேநீர் குடிக்க வருகிற டூரிஸ்ட்டுகளுக்குக் கார் நிறுத்த இடம் செய்ய வேண்டும். மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்த ஜனங்கள் எங்கே போவார்கள் என்பது எஸ்டேட் பிளானில் இல்லை. கார் எங்கே நிற்கும் என்பது மட்டும் கலர் கலராக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, பொங்கல் முடிந்த கையோடு, லயத்துக் கோயில் வேலிக்குள் ஸ்னோடிராப் பூத்துத் தொலைத்தது. வெள்ளைக்காரன் ஊரில் பனிக்காலத்தில் தலை குனிந்து பூக்கிற வெள்ளைப் பூ. அதிலும் சாதா ரகம் இல்லை, நம்ம அடுக்கு மல்லி மாதிரி உள்ளே மடிப்பு மடிப்பாக இதழ் வைத்த அடுக்கு ரகம். யாரோ படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். ‘அபூர்வச் செடி என்று நிபுணர் சொன்னால் அந்த இடத்தைத் தொடாதே’ என்று தலைமை ஆபீஸிலிருந்து உத்தரவு வந்துவிட்டது.

“பழைய தொரசானி நட்ட கெழங்கு சார். இத்தன வருசம் தூங்கிட்டு இப்பத்தான் முழிச்சிருக்கு” என்றாள் மோகனா, பயபக்தியோடு.

யோகேந்திரன் வேலிக்கு மேலே கழுத்தை நீட்டிக் குசுகுசுத்தார். “டாக்டர், ஏதோ காட்டுச் செடின்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க லா. தானா ராத்தா டவுன்ல சாப்பாடு சொல்லி வெச்சிருக்கேன்.”

டாக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஈர மண்ணில் மண்டியிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒவ்வொரு பூவையும் அண்ணாந்து பார்த்தார். முனியாண்டிக்கே அப்படி யாரும் விழுந்து கும்பிட்டதில்லை.

“மூணு குத்தும் மூணு ரகம்!” என்று எழுந்தார். “மொதல் குத்துல வெளி இதழ் மூணு, உள்ள அடுக்கு சுத்த வட்டம். ரெண்டாவதுல வெளி இதழ் நுனியிலயும் பச்சை, லேசுல கெடைக்காது. மூணாவது…” முகத்தைச் சுளித்தார். “அடுக்கு கோணல்மாணலா இருக்கு.”

“கோணலா? எது கோணல்? கண்ணாடிய நல்லாத் தொடச்சிட்டுப் பாருங்க சார்!” பக்கத்து வீட்டு மணியம்மா பாய்ந்தாள். பெற்ற பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மோகனா அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. அந்தக் கோணலுக்குத்தான் மதிப்பே” என்று பின்வாங்கிய டாக்டர் லயத்தைத் திரும்பிப் பார்த்தார். “இங்க எத்தன வீடு?”

“எட்டு சார். முப்பத்தோரு உசுரு. மாசக் கடைசியில கூரையப் பிரிக்க வர்றாங்க. எங்க போறதுன்னே தெரியல சார், பயமா இருக்கு.” மோகனா லயத்துக் கூரையைக் கையால் காட்டினாள்.

பூ பார்க்க வந்தவருக்கு வீட்டுக் கதை எதற்கு? அதிகம் படித்தவர்களே அப்படித்தான், சம்பந்தா சம்பந்தமில்லாமல் கேட்பார்கள். கேட்டுவிட்டு அரை மணி நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளை வேலிக்கு மேலே நீட்டினார்.

வாங்கிப் படித்த யோகேந்திரனுக்கு முகம் செத்துப்போனது. “அபூர்வ ரகம்… சரி. கெழங்கு வீட்டுக்கு அடியிலயும் பரவியிருக்குன்னு எழுதிருக்கீங்களே டாக்டர்?”

“அடியிலதான் ஜாஸ்தி.”

“எட்டு வீட்டுக்கும் அடியிலயா?”

“எட்டுக்கும். ஒரு செங்கல்ல கை வெச்சாலும் எல்லாம் செத்துரும்.”

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மணியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் மேனேஜர் என்றால் சும்மாவா? இரண்டே நிமிடத்தில் தெளிந்துவிட்டார். “அப்ப வருசம் பூரா டூரிஸ்ட்டக் கூட்டியாந்து காட்டலாம் லா! பிரிஞ்சாங் டவுன் வரைக்கும் கார் நிக்கும்!” என்று போனும் கையுமாகத் தலைமை ஆபீஸிடம் பெருமையடிக்க ஓடினார்.

அவர் தலை மறையும்வரை காத்திருந்த டாக்டர் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். மோகனாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“இந்தப் பூவயெல்லாம் மூணு வாரத்துல அவுத்து உள்ள எடுத்து வெச்சிருங்கம்மா, நெசப் பூ அதுக்கு மேல நிக்காது.”