ஓசூர்க் கிளைக்கு ஆள் தேவை

2025 நவம்பர் 17, திங்கட்கிழமை. விடிந்தது முதல் ஓசூரில் மூடுபனி. பத்து மணிக்குமேல்தான் வெயில் மெல்லத் தலைகாட்டியது.

நேர்காணல் மேசைமேல் கண்ணாடி நொறுங்கிய கைப்பேசி ஒன்று கிடந்தது. கருவிகளைச் சுற்றியிருந்த துணியை அவிழ்க்கப் போனான் லியோ. எதிரே இருந்த மேலாளர் பிரியதர்ஷினி, முதலில் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோலப் பேசிக் காட்டச் சொன்னார்.

மத்திகிரியில் நெடுங்காலமாகக் கைப்பேசி பழுதுபார்த்து வந்தவன் லியோ. புதிய போன்களில் வெளிச்சந்தைத் திரையைப் பொருத்தினால் பாதி வசதிகள் முடங்கிவிடும். அசல் திரையையோ கம்பெனி அவனைப் போன்றவர்களுக்கு விற்பதில்லை. கடை ஈயோட்டும் நிலைக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. போன் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும், உதிரிபாகமும் கிடைக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் விதி வந்துவிட்டதாம். அதைக் காரணம் காட்டிக் கம்பெனி இங்கும் விலையை ஏற்றியது. கூடவே, ஓசூரில் பழுதுபார்ப்பு நிலையம் திறப்பதாகவும் அறிவித்தது. அசல் பாகம் மட்டும் கைக்கு வந்தால் செத்த போனையும் எழுப்பி உட்காரவைத்துவிடலாம் என்று லியோ மனக்கோட்டை கட்டினான்.

பிரியதர்ஷினி தம்மைக் கெலமங்கலத்துத் தக்காளி விவசாயியாக நினைத்துக்கொள்ளச் சொல்லி, திரை மாற்ற என்ன ஆகும் என்று கேட்டார். லியோ விலைப்பட்டியலை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தான்.

"டிஸ்ப்ளே மட்டும் பதினாறாயிரம் ஆவுதுங்க. புதுப் போனே பத்தொம்பதாயிரந்தான்" என்று, இழவு சொல்பவனைப்போலத் தயங்கித் தயங்கிச் சொன்னான். அதையே கன்னடத்திலும் தெலுங்கிலும் சொல்லச் சொன்னார், சொன்னான்.

"அப்ப புதுசே எடுத்துக்கறேன்" என்று விவசாயியாக விடையளித்த பிரியதர்ஷினி, அடுத்த நொடியே மேலாளராகிக் கை நீட்டினார். "நீங்க செலக்ட்ணா."

கைவேலையைப் பார்க்காமலே தேர்வா என்று லியோவுக்குச் சற்று வியப்பு. ஊரில் தனக்கிருந்த பெயர் இங்கும் எட்டியிருக்கும் என்று மகிழ்ந்தான்.

ஒரே நிபந்தனை: பணியாளர் எவரும் வெளியே சொந்தமாகக் கடை வைத்திருக்கக் கூடாது. லியோ அங்கிருந்தபடியே, தன் கடைக்கு இடத்தை வாடகைக்கு விட்டிருந்த ஆஞ்சப்பனைப் போனில் அழைத்தான்.

"இனி உனக்கென்னப்பா, ஏசி ரூமு" என்று சிரித்தார் அவர். "சிக்கன் பக்கோடாக்காரன் ஒருத்தன் காலைலருந்து அட்வான்சோட இங்கயே நிக்கறான். எங்கிட்ட இருக்கற சாவிய குடுத்துடட்டுமா?"

லியோ கொடுத்துவிடச் சொன்னான். அப்புறம் உற்சாகமாகத் துணியை விரித்து, திருப்புளிகளை அளவுவாரியாக அடுக்கியபடியே, தன் வேலை மேசை எது என்று கேட்டான்.

தண்ணீர் பாட்டிலும் இரண்டு நாற்காலிகளும் மட்டுமே இருந்த வரவேற்பு மேசையைக் காட்டினார் பிரியதர்ஷினி.

"டூல்ஸ மடிச்சு வச்சிருங்கண்ணா. வர்றவங்க வாயாலயே ரிப்பேர் வேணாம்னு சொல்ல வைக்கணும், அதான் உங்க வேலை" என்று அவர் கனிவோடு சொன்னபோது, மணி பதினொன்று நாற்பத்திரண்டு.