பதில் சொல்லாத பன்னிரண்டு

"நாலு மணிக்கு வண்டி வரும். நாப்பது டேப்லெட்டும் வானூர் முகாமுக்குப் போவணும். முடிக்கலேன்னா நாளையிலேருந்து தேவசகாயம் மாதிரி நீயும் வீட்ல குந்திக்கினு இருக்க வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார் மேனேஜர் விருத்தாசலம். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

கலைமதி விழுப்புரம் ஆபீஸ்காரி. அந்தத் தொண்டு நிறுவனத்தின் திண்டிவனம் கிளைக்குக் காலை பஸ்ஸில் வந்திருந்தாள். நாற்பது டேப்லெட்டிலும் பழசை அழித்துவிட்டுப் புது விண்டோஸ் ஏற்ற வேண்டும். கேபிளை மாட்டி ஆன் செய்தால், டேப்லெட் நெட்வொர்க் வழியாக சர்வரைக் கூப்பிடும். சர்வர் பதில் கொடுத்துவிட்டால் மீதி வேலை தானாக நடக்கும்.

இருபத்தெட்டுக்கு நடந்தது. மீதிப் பன்னிரண்டுக்கு சர்வர் வாயே திறக்கவில்லை.

கேபிளை மாற்றினாள். அடாப்டரை மாற்றினாள். செட்டிங்கை மாற்றினாள். சர்வரையே அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். திரையில் அதே வரிதான்: 'பதில் இல்லை'.

மணி இரண்டு. கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரிக்கக்கூட இல்லை. வீட்டில் மாதம் தவறாமல் வருகிற சம்பளம் அவளுடையது ஒன்றுதான். அதுவும் போய்விடும் போலிருந்தது.

போன் அடித்தது. தேவசகாயம். போன வாரம் வரை இதே அறையில் இதே வேலையைப் பார்த்தவர்.

"எடுக்காதே," என்றார் திரும்பி வந்த மேனேஜர். "வேலையைத் திருப்பிக் குடுன்னு கெஞ்சுவான். எனக்கே பத்து தடவ அடிச்சிட்டான். நான் எடுக்கவே இல்ல."

கட் செய்தாள். மறுபடி அடித்தது. மறுபடியும் கட் செய்தாள்.

மூன்று மணிக்குக் கண்டுபிடித்தாள். சர்வருக்குள் ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பன்னிரண்டின் நம்பரையும் போட்டு, இவை கூப்பிட்டால் பதில் கொடுக்கக் கூடாது என்று பூட்டி வைத்திருந்தது. போட்ட தேதி, தேவசகாயத்தின் கடைசி நாள்.

"பாத்தீங்களா சார்! போறவரு சும்மா போவல. நம்மளப் பேஜார் பண்ணிட்டுப் போயிருக்காரு."

"எனக்கு அப்பவே தெரியும். அவன் புத்தி அப்படி. நீ ஜல்தியா முடி."

இவ்வளவு வயசான மனுஷனுக்கு இவ்வளவு வன்மமா! கலைமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டியலை அழித்தாள். பன்னிரண்டும் உடனே பதில் வாங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தன. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசி டேப்லெட்டும் முடிந்தது. மேனேஜர் வாயிலிருந்து 'வெரிகுட்' வந்தது. வேலை தப்பித்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் தேவசகாயத்துக்கு அவளே போன் போட்டாள். நாலு வார்த்தை திட்டாமல் ஊருக்குப் போக மனசு வரவில்லை.

"ஏண்ணா, உங்க வேலை போனதுக்கு நான் என்னாண்ணா பண்ணேன்? நீங்க பாட்டுக்குப் பூட்டிட்டுப் போயிட்டீங்க. நான் காலையிலேருந்து பட்டினி!"

"பூட்டை எடுத்துட்டியாம்மா?" என்றார் அவர்.

"எடுத்தாச்சு. பன்னண்டுலயும் புதுசு ஏத்தியாச்சு."



"மழை அடிச்சப்ப பெருமுக்கல் பக்கம் போன டேப்லெட்டும்மா அது பன்னண்டும். இடிஞ்ச வீட்டு போட்டோ, ஜனங்க பேரு எல்லாம் அதுலதான் இருந்துச்சு. அங்க டவர் கெடைக்காம ஒண்ணுகூட சர்வருக்கு வந்து சேரல. இங்க கொண்டாந்து ஏத்தறதுக்குள்ள என்னை வெளிய போன்னுட்டாங்க. தெரியாம யாரும் அழிச்சிடக் கூடாதேன்னுதான் பூட்டுனேன். அதைச் சொல்லத்தான் அவருக்கும் ஒனக்கும் அடிச்சிக்கினே இருந்தேன்."

"எத்தினி வீடுண்ணா?"

"நூத்தி நாப்பது."

"திரும்பப் போய் போட்டோ எடுத்துக்கினு வந்துடலாம்ணா. நானே போறேன்."

"எதை எடுப்ப? இடிஞ்சதையெல்லாம் தள்ளிட்டு, தார்ப்பாய் கட்டிக்கினு இருக்காங்க. போட்டோ இல்லேன்னா உதவி கெடையாதும்மா."

விழுப்புரம் பஸ் வந்து நின்றது, கிளம்பியும் போனது. அவள் போனைக் காதில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"அழாதம்மா," என்றார் தேவசகாயம். "நாளைக்கு விசாரிப்பாங்க. நான்தான் கோவத்துல அழிச்சிட்டுப் போயிட்டேன்னு சொல்லிடு. எப்படியும் அப்படித்தான நெனச்சிக்கினு இருக்காங்க. எனக்குப் போறதுக்கு இனிமே வேலை இல்ல. ஒனக்கு இருக்குது."